இரண்டு முறை அழைத்தவன்

கோகுல்ராஜின் முகத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தாயிற்று. அவன் குரலைத்தான் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

நேற்று மாலை ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில், ரேணுகாதேவியின் கணினி மையத்தில், குடும்பமே அந்தச் சிறிய திரையின் முன் கூடி நின்றது. சந்தைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பியவன், அடுத்தடுத்த சந்தைகள் கடந்தும் திரும்பாதவன், திரையில் வந்து உட்கார்ந்தான். பின்னால் காரை பெயர்ந்த சுவர் ஒன்று தெரிந்தது. பேசினான்; இடையில் ஒருமுறை சிரித்தான்; எழுந்திருக்கப் போவதுபோல் முன்னால் சாய்ந்தபோது படம் முடிந்தது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

"மொகத்த பாத்துட்டேன். எனுக்கு அது போதும்," என்றாள் ரேணுகாதேவியின் மாமியார் சாந்தம்மாள். மகன் இருந்த இடத்தைத் திரையில் முந்தானையால் துடைத்தாள்.

மாமனார் சடையன் திரையை விட்டு நகரவில்லை. மகனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், படம் முடிந்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் பேசியது இன்னதென்று எடுத்துச் சொன்னவன் தசரதன். போளூர்க்காரன், ரேணுகாதேவியின் கணவனும் கோகுல்ராஜின் அண்ணனுமான வெற்றிவேலோடு சேர்ந்து ஜீப்பில் மலைச்சரக்கு ஏற்றி இறக்குபவன். அந்தப் படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்தவனும் அவன்தான்.

"பெங்களூர்ல ஒரு கம்பெனில சேந்துட்டானாம். நல்லா கீறானாம். போலீசு கீலீசுன்னு போவாதீங்க, குடுத்த கம்ப்ளைண்ட்ட வாபஸ் வாங்கிடுங்கன்னு சொல்றான். என் கூட்டாளி போன்ல நான் சவுண்டோட பாத்தேன்."

புகார் கொடுத்தவள் ரேணுகாதேவி. கோகுல்ராஜின் கடைசி அழைப்பு அவளுடைய கைபேசிக்குத்தான் வந்தது, எடுப்பதற்குள் நின்றுபோனது. அழைப்பு விவரம் பார்ப்பதற்காக அந்தக் கைபேசி இப்போது காவல் நிலையத்தில் இருக்கிறது. புகாரைத் திரும்பப் பெற வேண்டுமானால் அவளே நேரில் வந்து சொல்ல வேண்டும். இன்று உச்சிவேளையில் ஜீப் வரும், போய் முடித்துவிடலாம் என்று பேசி வைத்தாயிற்று.

அதன் பிறகு கோகுல்ராஜை யாரும் தேட மாட்டார்கள்.

ஜீப் வருவதற்குள் அவன் குரலைக் கேட்டுவிட வேண்டும். ரேணுகாதேவியின் மனத்தில் இன்று காலை வேறு எண்ணமே இல்லை. பேச்சைத் தொடங்கும் முன் திரையில் அவன் உதடுகள் யாரையோ அழைத்ததை அவள் பார்த்திருந்தாள். ஒருமுறை அழைத்தான். மறுபடியும் அழைத்தான். அடுத்து என்ன என்று பார்ப்பதற்குள் வெற்றிவேலின் தலை குறுக்கே வந்துவிட்டது.

எத்தனை முறை அழைத்தான் என்பது மலைக்குக் கீழே ஒரு விஷயமே அல்ல. சடையனின் வீட்டில் அது விஷயம்.

சரிவுக்குச் சரிவு குரல் கொடுத்தே பழகிய குடும்பம் அது. காட்டுக்குள் பெயர் சொல்லி அழைக்கும் குரலுக்கு முதல் முறையும் பதில் சொல்லக் கூடாது, இரண்டாம் முறையும் சொல்லக் கூடாது. மனிதனல்லாத எதுவும் மூன்றாம் முறை அழைக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே மனிதர்கள் மூன்று முறை அழைப்பார்கள். வெற்றிவேலுக்குக் கல்யாணமான புதிதில், அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையிலேகூட அவன் "ரேணு, ரேணு, ரேணு" என்று மூன்று முறை அழைப்பதைக் கேட்டுப் புதூர்நாட்டிலிருந்து வாழ வந்த அவள் சிரித்திருக்கிறாள்.

அந்த வழக்கத்துக்குச் சடையன் இன்னொரு பயன் கண்டார். ஒருமுறை சாமைக் கொல்லையின் ஓரத்தில் கரடி நின்றது. கூழ்ப் பானையோடு சாந்தம்மாள் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தாள். கத்தினால் கரடி மிரண்டு பாயும். அவர் சாதாரணக் குரலில் மனைவியின் பெயரை இரண்டு முறை மட்டும் அழைத்து நிறுத்திக்கொண்டார். அவள் மூன்றாவதற்காக நின்றாள், அது வரவில்லை, பானையோடு திரும்பி இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில், தெரிந்த குரல் இரண்டு முறை அழைத்து நிறுத்தினால் அதற்கு ஒரே பொருள்தான். ஆபத்து என் பக்கத்தில் நிற்கிறது. இனி நான் பேசுவதை நம்பாதே.

எனவே அவள் எண்ண வேண்டியிருந்தது. அதற்குக் காது வேண்டும்.

சான்றிதழ் வேலை பாக்கியிருப்பதாக வீட்டில் சொல்லி, மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தவள், ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டுக் கணினியின் முன் அமர்ந்தாள். வெளியே வாரச்சந்தை கூடிக்கொண்டிருந்தது. ஷட்டரின் அடியில், கால்களும் கூடைகளும் மட்டும் தெரிந்தன.

பென்டிரைவைத் தசரதன் நேற்றே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஆனால் வெளியிலிருந்து எந்தப் பென்டிரைவ் வந்தாலும், உள்ளே இருப்பதை முதலில் கணினியில் படியெடுத்து வைரஸ் பார்ப்பது அவளுடைய பழக்கம். மலையிலுள்ள மாணவர்கள் எல்லோரும் பென்டிரைவோடு வந்து நிற்கும் கடை; ஒருமுறை வைரஸ் ஏறி மொத்த வேலையும் போயிருக்கிறது. நேற்றும் கை தானாகவே படியெடுத்து வைத்திருந்தது. அதன் பிறகுதான், "எழுந்திரு, நான் போட்றேன்," என்று வெற்றிவேல் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தான். ஒலி வராததும் ஸ்பீக்கரை இரண்டு தட்டுத் தட்டி, "இது பூட்டுச்சு," என்று, அது கெட்டுப்போனதாகத் தீர்ப்பும் சொன்னான்.

வேறொருவர் கைபேசியில் ஏற்றிக் கேட்டிருக்கலாம். ஆனால் சந்தை நாளில் ஒரு கைபேசிக்குள் நுழைந்த குரல், பேருந்து மலையிறங்குவதற்குள் போளூர் வரை போய்விடும். யார் காதில் விழக் கூடாது என்பதே தெரியாத நிலையில் அவள் அதற்குத் துணியவில்லை.

கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்கினாள். ஸ்பீக்கரின் குமிழைத் திருகினாள். 'டிக்' என்று பச்சை விளக்கு எரிந்தது. மேசைக்கடியில் குனிந்து பெட்டியின் பின்புறத்தைத் தடவினாள். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று துளைகள். ஸ்பீக்கர் ஒயரின் முனை பச்சையில் இருக்க வேண்டும். பச்சையில்தான் இருந்தது. பிடுங்கி, தூசியை ஊதி, அழுந்த உட்காரும் வரை மறுபடி செருகினாள். படத்தை ஓட்டினாள்.

கோகுல்ராஜ் வாயை அசைத்தான். ஊமை.

பெட்டியின் முன்புறம் ஹெட்போனைச் செருகிக் காதில் வைத்துப் பார்த்தாள். அதிலும் ஊமை. ஹெட்போனும் பேசவில்லை என்றால் குறை ஸ்பீக்கரில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது. வெற்றிவேல் அவசரப்பட்டுத் தவறாகச் சொல்லிவிட்டான். அப்போது அப்படித்தான் நினைத்தாள்.

திரையின் வலது மூலையில் ஒலிக்கான சின்னம் இயல்பாக இருந்தது. குறுக்குக் கோடு இல்லை. அளவும் முழுதாக வைத்திருந்தது. அதைத் தொட்டு, ஒலி எந்த வழியாக வெளியே போகிறது என்று திறந்து பார்த்தாள். அங்கே எப்போதும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று ஸ்பீக்கர், இன்னொன்று மானிட்டர். இப்போது மானிட்டர் மட்டும் இருந்தது. அந்த மானிட்டருக்கு வாய் கிடையாது. அதன் வழியே அனுப்பிய ஒலி கிணற்றில் போட்ட கல்தான்.

ஸ்பீக்கரின் பெயர் வழிமாறவில்லை. பட்டியலிலிருந்தே காணாமல் போயிருந்தது.

கணினியை அணைத்து மறுபடி எழுப்பினாள். பழைய இயந்திரம், எழுந்து வர வெகு நேரம் எடுத்தது. அந்த இடைவெளியில் ஷட்டருக்கு அடியில் ஒரு புளிக்கூடை வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே ஒரு தலை குனிந்து எட்டிப் பார்த்தது. சந்தைக்குப் புளி கொண்டுவரும் சுந்தரம்மாள்.

"இன்னா பொண்ணே, கட தொறந்துதா, மூடிச்சா? ஒண்ணு தொற, இல்ல மூடு. இப்டி அரக்கண்ணு போட்டுகினு இருந்தா இன்னா நெனைக்கிறது?"

"மிஷினு கோளாறுக்கா. மத்தியானத்துக்கு மேல வாங்க."

"இந்த வூட்டு ஆளுங்களுக்கே இது பழக்கமா பூட்டுதா? நேத்து மத்தியானம் உன் வூட்டுக்காரனும் இப்டித்தான் பாதி ஷட்டர போட்டுகினு உள்ள குந்திகினு இருந்தான். நீ சோத்துக்குப் போய்ட்டியாம். என் ஆதார நகல் எடுத்துக் குடுப்பான்னா, போ போன்றான். உள்ள பொட்டி பேசிகினு கீது."

ரேணுகாதேவியின் கை மவுஸின் மேல் நின்றது.

"இன்னா பேசிச்சு?"

"ஆம்பள கொரலு. எதோ படம் போல. ஒரே எடத்த திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுகினு இருந்தான். கட்டிகினவளுக்குத் தெரியாம அப்டி இன்னா படமோ." சுந்தரம்மாள் தன் கேலிக்குத் தானே சிரித்தாள். "கண்டுக்காத. ஆம்பளைங்கள கேட்டா மட்டும் சொல்லிடுவானுங்களா?"

கூடை போய்விட்டது. கால்கள் திரும்பவும் இங்குமங்கும் நடந்தன.

நேற்று மத்தியானம் இந்தக் கணினி பேசியிருக்கிறது. நேற்று மாலை ஊமையாயிருக்கிறது. தசரதன் பென்டிரைவைக் கொண்டுவந்ததோ மாலையில். அவன் ஷட்டருக்குள் நுழைந்தபோது, "இன்னாண்ணே விசேசம்?" என்று முதலில் கேட்டவன் வெற்றிவேல்தான்.

அவள் மவுஸை மறுபடி பிடித்தாள். வேலையைத் தொடர்ந்தாள்.

கணினிக்குள் இருக்கும் உறுப்புகள் எல்லாவற்றையும் காட்டும் பக்கம் ஒன்று உண்டு, டிவைஸ் மேனேஜர். அதைத் திறந்து, ஒலி என்று இருந்த பகுதியை விரித்தாள். சென்ற ஆடியில் ஏதோ புதுப்பிப்பு இறங்கி ஒலி போனபோது, அந்த இடத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்று நின்றது. கோகுல்ராஜ் டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டு வேறு ஏற்றிச் சரிசெய்தான். இன்றும் அந்த மஞ்சளைத்தான் அவள் எதிர்பார்த்தாள். கொஞ்சம் வேண்டிக்கொள்ளவும் செய்தாள்.

மஞ்சள் இல்லை. கீழ்நோக்கிய சின்னஞ்சிறு கறுப்பு அம்பு இருந்தது.

இயந்திரம் தானாகப் பழுதுபட்டால் மஞ்சள் வரும். ஒரு கை வந்து நிறுத்தினால்தான் அந்த அம்பு வரும்.

அந்தக் கையின் வழியும் அவளுக்குத் தெரியும். மாணவர்கள் பாட்டை அலறவிடும்போதெல்லாம் கோகுல்ராஜ் சண்டை போட மாட்டான். இந்தப் பக்கத்தைத் திறந்து சத்தமில்லாமல் நிறுத்திவிடுவான். அவர்கள் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்பார்கள், ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பார்கள், அலுத்துப்போய் எழுந்து போவார்கள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு வெற்றிவேல் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னாடா, கொரவளையவே புடிச்சிட்ட? எனுக்கும் காட்டுடா." தம்பி அண்ணனின் கையைப் பிடித்து, மவுஸின் மேல் வைத்துக் காட்டிக் கொடுத்தான்.

இந்தக் கடையில் அந்த வித்தை தெரிந்தவர்கள் அந்த இருவரும், பக்கத்தில் நின்று பார்த்த அவளும்தான்.

அம்பின் மேல் சொடுக்கி, இயங்கவிட்டாள். ஸ்பீக்கரில் 'பொட்' என்று ஒரு துடிப்பு. வழிகளின் பட்டியலில் ஸ்பீக்கரின் பெயர் திரும்பி வந்தது, அதைத் தேர்ந்தெடுத்தாள். சோதனை மணி இடப்பக்கம் ஒலித்தது, பிறகு வலப்பக்கம். சந்தை இரைச்சலுக்கு நடுவே அது எவருக்கும் கேட்டிருக்காது. அவளோ திடுக்கிட்டுக் குமிழைக் குறைத்தாள்.

படத்தை ஓட்டினாள்.

ஊமை.

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு படம் ஓடும் சட்டத்தின் ஓரத்தில் பார்த்தாள். அங்கே தனியாக ஓர் ஒலிச் சின்னம். அதன் மேல் குறுக்குக் கோடு. உள்பூட்டு ஒன்று, வெளிப்பூட்டு ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்ததும் வெற்றிவேல் முதலில் செய்தது அதுவாகத்தான் இருக்கும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அழுதுகொண்டிருக்க, செய்திருக்கிறான்.

கோட்டை நீக்கினாள்.

"அண்ணி."

அறைக்குள் அவன் வந்து நின்றதுபோல் இருந்தது. தொண்டை கட்டிய குரல். ஆனாலும் அவன் குரல்தான்.

"அண்ணி."

கண்கள் நேராக அவளைப் பார்த்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான், அவளுக்கு எண்ண அவகாசம் கொடுப்பவன்போல் ஒரு சிறு பொழுது சும்மா இருந்தான். மூன்றாவது வரவில்லை. பிறகு சிரித்தான்.

"நான் நல்லாத்தான் கீறேன். பெங்களூர்ல வேல கெடச்சிடுச்சி. யாரும் தேட வாணாம். ஸ்டேஷன்ல குடுத்தத வாபஸ் வாங்கிடுங்க. அம்மாவ அழ வாணாம்னு சொல்லுங்க."

தசரதன் சொன்னதில் பொய் இல்லை. அவன் சொன்ன அத்தனையும் இதில் இருந்தது. கீழ்நாட்டுக்காரனுக்கு இந்தப் பேச்சில் குறையொன்றும் தெரிந்திருக்காது. அண்ணியை இரண்டு முறை கூப்பிட்டான், பேசினான், முடிந்தது. வெற்றிவேலுக்குத் தெரிந்திருக்கும். நேற்று மத்தியானம் ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டவன், மூன்றாவது எங்காவது இருக்கிறதா என்றுதான் தேடியிருக்க வேண்டும். முகத்தைக் காட்டாமல் சாந்தம்மாள் அடங்கியிருக்க மாட்டாள். குரலைக் கேட்டால் சடையன் அடங்கியிருக்க மாட்டார். ஆகவே முகத்தை விட்டுக் குரலை மட்டும் நிறுத்திவிட்டான்.

படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கோகுல்ராஜ் முன்னால் சாய்ந்தான். அவனுக்குப் பின்னால், சுவருக்கு அப்பால், ஒரு வண்டியின் ஸ்டார்ட்டர் கரகரவென்று இழுத்து அடங்கியது. மறுபடி இழுத்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டதும், தளர்ந்த பானட் தகரம் தாளம் போடத் தொடங்கியது.

அந்தத் தகரத்தை அவளுக்குத் தெரியும். தினமும் காலையில், அடுப்பில் உலை வைக்கும் நேரத்தில் அது வாசலில் அதிரும். பெங்களூரில் அது அதிர வழியில்லை.

படத்தை நிறுத்தினாள். திரையில் கோகுல்ராஜ் பாதி எழுந்தபடி உறைந்தான்.

தகரத்தின் தாளம் நிற்கவில்லை.

அது இப்போது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. தெருவிலிருந்து வந்தது. ஷட்டரின் அடியில் புழுதி படிந்த டயர் ஒன்று வந்து நின்றது.

"ரேணு," என்றது வெளியே வெற்றிவேலின் குரல். "ரேணு."

அவள் படத்தை மூடினாள்.

"ரேணு."

மூன்றாவது அழைப்பு மனிதனுடையது என்பார்கள். இத்தனை வருடங்களில் முதன்முறையாக அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

ஷட்டர் உயர்ந்தது. வெயில் உள்ளே விழுந்தது. விரலில் சாவி வளையத்தைச் சுழற்றியபடி அவன் நின்றான்.

"இன்னா, ஷட்டர எறக்கிகினு இன்னா பண்ற?"

"சான்றிதழ் ஏத்திகினு இருந்தேங்க. சந்த கூட்டம் வந்து நின்னா வேல ஓடாது."

"ஏறிச்சா?"

"நெட்டு இழுக்கல."

அவன் திரையைப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. மேசையைப் பார்த்தான். பிறகு மெல்லக் குனிந்து, ஸ்பீக்கரின் குமிழை ஒரே விரலால் திருகினான். 'டிக்.' பச்சை விளக்கு அணைந்தது. அது எரிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் அவள் உணர்ந்தாள்.

"பூட்டுச்சுன்னு சொன்னேன் இல்ல? பூட்ட ஸ்பீக்கர எதுக்குப் போட்ட?"

"கை பட்டுருக்கும்."

"படும் படும்." குரலில் கோபம் இல்லை. அவள் தோளில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டான். "மேசைக்கு அடிலகூட கை பட்டுருக்குது போல. நீ போய் வண்டில ஏறு. அப்பா குந்திகினு கீறாரு. நான் மிஷின அணைச்சிட்டு வர்றேன்."

"நானே அணைச்சிட்றேங்க."

"போன்னேன் இல்ல, ரேணு."

அவள் போனாள். வாசலைத் தாண்டும்போது பின்னால் நாற்காலி முனகியது. மவுஸ் சொடுக்கும் ஒலி கேட்டது. ஒரு சொடுக்கு, கொஞ்சம் அமைதி, மறுபடி ஒரு சொடுக்கு, இன்னொன்று. கணினியை அணைக்க அத்தனை தேவையில்லை. படியெடுத்து வைத்தது போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இனி அந்தக் குரலைக் கேட்டதற்குச் சாட்சி அவள் காது மட்டும்தான். அவள் சொல்லுக்கு எதிரே, உயிரோடு சிரித்த மகனின் முகத்தை அவளையும் சேர்த்து ஐந்து பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஜீப்பின் முன்னிருக்கையில் சடையன் கோணித் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் தசரதன், பொரி கொறித்துக்கொண்டிருந்தான்.

"வா தங்கச்சி. சீக்கிரம் போய்ட்டு வந்தா சந்தையில கறி கிறி எதுனா பாக்கலாம். நல்ல சேதி வந்த வூடு, சாப்புட வாணாமா?"

அவள் ஏறவில்லை. ஜீப்பின் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். எந்தக் குரல், எங்கே, காட்டு என்பான் வெற்றிவேல். சிரிப்பான் தசரதன். கொழுந்தன் போன துக்கத்தில் பொண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சந்தை முழுவதும் பேச்சாகும். அதற்குள் உச்சிவேளை கடந்துவிடும். கோகுல்ராஜை இடம் மாற்றிவிடுவார்கள், அந்தக் காரை பெயர்ந்த சுவரும் வேறு சுவராக மாறிவிடும்.

"மாமா," என்றாள். சாதாரணக் குரல். கூழுக்கு உப்பு வேண்டுமா என்று கேட்கும் குரல்.

சடையன் தலையைத் திருப்பினார். பழக்கத்தின்படி பதில் சொல்லவில்லை.

"மாமா."

அவர் காத்திருந்தார். வெல்லக்காரன் விலை கூவினான். எங்கோ ஆடு கத்தியது. அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு அவர் கண்களைப் பார்த்தபடியே நின்றாள்.

"இன்னா தங்கச்சி, கூப்புட்டுகினே நிக்கிற? ஏறு," என்றான் தசரதன்.

சடையன் திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தினார். தசரதனின் பேச்சு நின்றது. பெரியவர் இன்னும் காத்திருந்தார், சரிவில் ஒருநாள் சாந்தம்மாள் நின்றதுபோல. மூன்றாவது வரவே இல்லை.

அவள் பின்னால் ஷட்டர் கீழே இறங்கிய ஓசை பாதியில் தடைப்பட்டது. வெற்றிவேலும் கேட்டிருந்தான். கையில் ஷட்டரின் பிடியோடு அப்படியே நின்றான்.

சடையனின் கண்கள் மருமகளின் முகத்திலிருந்து நகர்ந்து, அவள் தோளைக் கடந்து, மூத்த மகனிடம் போயின. அங்கே வெகு நேரம் இருந்தன. பிறகு அவர் ஒரு காலை ஜீப்பிலிருந்து இறக்கினார். மற்றொரு காலையும் இறக்கினார். கடையை நோக்கி நடந்து, மகன் முன்னால் நின்று, கையை நீட்டினார்.

"சாவிய குடுரா."

"எதுக்குப்பா? நேரமாவுது, ஸ்டேஷனுக்கு..."

"குடு."

வெற்றிவேல் வளையத்தைக் கொடுக்கவில்லை. மூடிய கைக்குள் வைத்துக்கொண்டான். சடையன் அந்தக் கையைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மகன் தடுக்கவுமில்லை, விடவுமில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க மட்டும் மறுத்தான்.

அந்த வளையத்தில் எப்போதும் இரண்டு சாவிகள் தொங்கும். ஒன்று கடையுடையது, ஒன்று ஜீப்புடையது. வருடக்கணக்காக அவள் கைபட்ட வளையம் அது.

பெரியவரின் உள்ளங்கையில் அது விரிந்து விழுந்தபோது, அந்த இரண்டுக்கும் நடுவில், துருவேறிய, நீண்ட, எந்த வீட்டுப் பூட்டுக்கும் பொருந்தாத இன்னொரு சாவி கிடந்தது.